போனில் செருகும் யூஎஸ்பி துணைக்கருவி: முதல் முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

கணினியில் செருகினால் ஒழுங்காக ஓடும் ஒரு யூஎஸ்பி கருவி, போனில் செருகினால் அசையாமல் கிடக்கும். புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். காரணம் தேடிப் போனால் விடை ஒரே இடத்தில் இருக்காது. பாதி யூஎஸ்பி விதிநூலில் இருக்கும், கொஞ்சம் ஆண்ட்ராய்டு ஆவணங்களில், கொஞ்சம் ஆப்பிளின் ஒப்பந்தத்தில், மிச்சம் சோதனைக்கூடத்தில். எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறி ஒன்றுசேர்த்த பிறகு எனக்குப் புரிந்தது, எதை முதலில் முடிவெடுக்கிறோம் என்பதில்தான் காசும் காலமும் அடங்கியிருக்கிறது என்று. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன். மைக்ரோகன்ட்ரோலருக்கு நிரல் எழுதவும் சர்க்யூட் போர்டு வரையவும் உங்களுக்கு ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ஹோஸ்ட் யார், கரண்ட் யாருடையது?

யூஎஸ்பியில் ஒரு பக்கம் ஹோஸ்ட். கேட்பதும் ஆணையிடுவதும் அதுதான். மறுபக்கம் டிவைஸ், கேட்டால் மட்டும் பதில் சொல்லும். போனால் இரண்டாகவும் இருக்க முடியும். ஆகவே சிப் வாங்குவதற்கு முன்பே, படம் வரைவதற்கு முன்பே, கீழே உள்ள மூன்றில் உங்களுடையது எது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

முதல் வகை: போன் ஹோஸ்ட், கரண்டும் போனுடையது. சென்சார், மைக், சிறு அளவைக்கருவி, விசைப்பலகை எல்லாம் இதில் வரும். கருவி எளிது, பேட்டரி வேண்டாம், விலையும் குறைவு. யூஎஸ்பி 2.0 விதிப்படி, போன் உங்கள் கருவியை அடையாளம் கண்டு ஏற்கும்வரை 100 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடாது. ஏற்றபின் அதிகபட்சம் 500. யூஎஸ்பி-சி உள்ள ஐபோன்கள் வெளிக்கருவிக்கு 4.5 வாட் வரை கொடுக்கும் என்கிறது ஆப்பிள். எல்லை இவ்வளவு என்பதற்காக எல்லைவரை போகாதீர்கள். போனின் பேட்டரி தீர்வது உங்கள் கருவியால்தான் என்று பயனர் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகாது.

இரண்டாம் வகை: கருவி ஹோஸ்ட், கரண்டும் கருவியே கொடுக்கும். ஓரிடத்தில் நிலையாக இருக்கும் இயந்திரத்தில் போனைச் செருகிவைக்கும் வேலைகளுக்கு இது பொருந்தும். ஆண்ட்ராய்டில் இதற்கென்றே ஆண்ட்ராய்டு ஓபன் ஆக்சசரி என்ற நெறிமுறை இருக்கிறது. கருவி 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் கொடுக்க வேண்டும். அப்புறம் 51 என்ற எண்ணுள்ள கட்டளையால் போனிடம் நெறிமுறைப் பதிப்பைக் கேட்கும். 52 வழியாகத் தயாரிப்பாளர், மாடல், பதிப்பு முதலிய சொற்றொடர்களை அனுப்பும். 53 வந்ததும் போன் தன்னைத் துண்டித்துக்கொண்டு துணைக்கருவிப் பாங்கில் மறுபடி தோன்றும். இந்த நெறிமுறையின் ஒலிப் பகுதி ஆண்ட்ராய்டு 8.0 முதல் கைவிடப்பட்டது. ஒலி அனுப்பும் எண்ணம் இருந்தால் இந்தப் பாதையை விட்டுவிடுங்கள்.

மூன்றாம் வகை: போன் ஹோஸ்டாக இருக்கும்போதே கருவி அதைச் சார்ஜும் செய்ய வேண்டும். எல்லோரும் விரும்புவது இது, கடினமானதும் இது. சி முனையில் கரண்ட் கொடுப்பவர்தான் இயல்பாக ஹோஸ்ட் ஆவார். அதைப் பிரிக்க வேண்டுமென்றால் பவர் டெலிவரி என்ற மின்பகிர்வு நெறிமுறையைப் பேசும் சிப் ஒன்று வேண்டும், அது போனுடன் பேசி டேட்டா பொறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். சில போன்கள் இதை ஏற்காது. முதல் கருவி என்றால் இந்த வகையைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஆசை இருந்தால் இரண்டாம் பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

2. புது நெறிமுறை எழுதாதீர்கள், இருக்கும் வகுப்பில் ஏறிக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் மனதில் நிற்குமென்றால் அது இதுவாக இருக்கட்டும். விசைப்பலகை போன்றவற்றுக்கான ஹெச்ஐடி, ஒலி, மிடி, சேமிப்பகம், ஈதர்நெட் என்று யூஎஸ்பியில் பொது வகுப்புகள் இருக்கின்றன. உங்கள் கருவி இவற்றில் ஒன்றாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டால், போனில் ஏற்கெனவே இருக்கும் டிரைவரே போதும். ஐபோனில் இதன் மதிப்பு இன்னும் அதிகம்: சி முனையுள்ள மாடல்களில் பொது வகுப்புக் கருவிகள் ஆப்பிளின் உரிமத் திட்டத்தில் சேராமலேயே வேலை செய்யும்.

பலரும் சீரியல் போர்ட் போலப் பேசும் சிப்பைத்தான் முதலில் எடுக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் அது சரி, ஆப்பே நேரடியாக அந்தக் கருவியைத் திறந்து பேச முடியும், அதற்கான திறந்த மூல நூலகங்களும் உண்டு. ஐபோனில் சாதாரண ஆப்புக்கு யூஎஸ்பி சீரியலைத் திறக்கும் வழி கிடையாது. சீரியலை நம்பிப் போர்டு அடித்து, பெட்டியும் அச்சிட்ட பிறகு இது தெரியவந்தால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டு போனிலும் ஓட வேண்டும், அனுப்பும் தரவு குறைவு என்றால் மிடி ஒரு நல்ல வழி. இசைக்கருவி வகுப்புதான். ஆனால் அதில் சிஸ்எக்ஸ் என்ற செய்தி வகை தயாரிப்பாளரின் சொந்தத் தரவைச் சுமக்கவே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 6.0 முதல் மிடிக்கு முறையான இடைமுகம் உண்டு, ஐஓஎஸ்ஸிலும் உண்டு. ஒரு பைட்டில் 7 பிட் மட்டுமே பயன்படும் என்பதை நினைவில் வைத்துத் தரவை மடித்து அனுப்புங்கள். தரவு அதிகம் என்றால் யூஎஸ்பி ஈதர்நெட்டாகத் தோன்றி, ஆப்பிடம் இணைய நெறிமுறையில் பேசலாம். ஐஓஎஸ் இதைக் கூடுதல் வேலை இல்லாமல் ஏற்கிறது. ஆண்ட்ராய்டில் அது அந்தப் போனின் கெர்னலில் (இயங்குதளத்தின் உட்கருவில்) எந்த டிரைவர் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது, முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள்.

3. ஆப்பிளின் உரிமத் திட்டம் தேவையா?

பழைய ஐபோன்களின் லைட்னிங் முனையில் நேரடியாகச் செருகும் கருவி, அல்லது ஐபோன் ஆப்புடன் சொந்த நெறிமுறையில் கம்பிவழிப் பேசும் கருவி என்றால் எம்எஃப்ஐ என்ற அந்த உரிமத் திட்டத்தில் சேர வேண்டும். நிறுவனப் பதிவு, ரகசியம் காக்கும் ஒப்பந்தம், கருவிக்குள் ஆப்பிளின் அடையாளச் சிப், தயாரிப்புத் திட்டத்துக்கு ஒப்புதல், கடைசியாக உங்கள் ஆப்பை அந்தத் திட்டத்தோடு இணைப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். தனி ஆளாகப் பொழுதுபோக்குக்குச் செய்கிறவர்களுக்கு இது உகந்தது அல்ல. தேவை என்று முடிவானால் போர்டு வரைவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள், அடையாளச் சிப்புக்கு இடம் விட்டுத்தான் போர்டையே வரைய முடியும்.

2023ல் வந்த ஐபோன் 15 முதல் சி முனைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சார்ஜர் விதியும் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு அமலில் இருக்கிறது. இன்று புதிதாகத் தொடங்குகிறவர் லைட்னிங்கை விட்டுவிட்டு சி முனைக்கு மட்டும் செய்தால் போதும் என்பது என் கருத்து.

4. அடையாள எண்கள்: செலவு இங்கிருந்து தொடங்கும்

ஒவ்வொரு யூஎஸ்பி கருவியும் விஐடி, பிஐடி என இரண்டு எண்களைச் சொல்ல வேண்டும். விஐடி தயாரிப்பாளரைக் குறிக்கும், பிஐடி பொருளைக் குறிக்கும். விஐடியைக் கொடுப்பது யூஎஸ்பி இம்ப்ளிமென்டர்ஸ் ஃபோரம். சொந்தமாக வாங்க ஒருமுறைக் கட்டணம் 6,000 டாலர். உறுப்பினராகச் சேர்ந்தால் ஆண்டுக்கு 5,000 டாலர், அதில் விஐடியும் அடங்கும். யூஎஸ்பி சின்னத்தைப் பெட்டியில் அச்சிட உறுப்பினர் அல்லாதவர்களுக்கு இரண்டு ஆண்டு உரிமம் 3,500 டாலர், அதோடு கருவி இணக்கச் சோதனையிலும் தேற வேண்டும். தொகைகள் அவ்வப்போது மாறுபவை, கட்டுவதற்கு முன் அவர்கள் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறிய அளவில் செய்கிறவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. உங்கள் கருவி திறந்த மூல உரிமத்தில் வெளியானது என்றால், பிஐடி.கோட்ஸ் என்ற சமூகத் திட்டம் 1209 என்ற விஐடியின் கீழ் இலவசமாக ஒரு பிஐடி தரும். ராஸ்பெரி பை, எஸ்பிரஸ்ஸிஃப் ஆகியவை தங்கள் சிப்களைப் பயன்படுத்தும் பொருள்களுக்குத் தங்கள் விஐடியின் கீழ் பிஐடி ஒதுக்குகின்றன. வேறு சில சிப் நிறுவனங்களிடமும் இந்த வசதி உண்டு, சிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள். மாதிரி நிரலில் இருக்கும் எண்ணை அப்படியே வைத்து விற்பனைக்கு விடுவது முதலாவது. அதே எண்ணோடு வேறொருவர் கருவியும் வரும், பயனரின் போனில் தவறான ஆப் திறக்கும். இரண்டாவது, ஃபர்ம்வேர் புதுப்பிப்புக்கான பூட்லோடரும் தனிக் கருவியாகவே தோன்றும் என்பதை மறப்பது. கேட்கும்போதே இரண்டு பிஐடி கேளுங்கள்.

5. போர்டு: சி முனையில் கவனம்

கணினியில் ஓடி போனில் ஓடாத மர்மம் பெரும்பாலும் இங்கேதான் தீரும். பழைய ஏ முனையில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும். சி முனையில் அப்படியில்லை. எதிரே ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்தால்தான் போன் கரண்டைத் திறக்கும். அதைத் தெரிவிப்பது சிசி1, சிசி2 என்ற பின்களிலிருந்து தரைக்குப் போகும் 5.1 கிலோ ஓம் மின்தடைகள். அவை இல்லாத போர்டு, ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் கேபிளில் ஓடும், இருபுறமும் சி உள்ள கேபிளில் செத்துக் கிடக்கும்.

போர்டில் இருப்பது பெண் முனை என்றால் இரண்டு பின்னுக்கும் தனித்தனி மின்தடை வையுங்கள். இரண்டையும் இணைத்து ஒரே மின்தடையில் சமாளிக்கலாம் என்று தோன்றும், கூடாது. 2019ல் வந்த ராஸ்பெரி பை 4-இன் முதல் பதிப்பில் இந்தக் குறைதான் இருந்தது. உள்ளே அடையாளச் சிப் உள்ள கேபிள்களைச் செருகினால், எதிரே இருப்பது ஒலிக்கருவி என்று சார்ஜர் தப்பாகப் புரிந்துகொண்டு கரண்ட் கொடுக்காமல் இருந்துவிட்டது. போனில் நேரடியாகச் செருகும் ஆண் முனை என்றால் கணக்கு வேறு. அதில் சிசி ஒன்றுதான், அதற்கு ஒரு 5.1 கிலோ ஓம் போதும். மற்றப் பின் வீகான், கேபிளுக்குள் இருக்கும் சிப்புக்குக் கரண்ட் கொடுப்பதற்கானது, அதை எதோடும் சேர்க்காமல் விடுங்கள்.

பெண் முனையில் டேட்டாப் பின்கள் இரண்டு ஜோடி இருக்கும். எந்தப் பக்கம் செருகினாலும் ஓட வேண்டுமென்றால் அவற்றை இணைக்க வேண்டும், ஏ6-ஐ பி6-உடன், ஏ7-ஐ பி7-உடன். ஒரு பக்கமாகச் செருகினால் மட்டும் ஓடும் கருவிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டேட்டாக் கோடுகளை ஜோடியாக, 90 ஓம் வேறுபாட்டு மின்மறுப்பில், ஒரே நீளத்தில் கொண்டுபோங்கள். 12 மெகாபிட் வேகத்தில் கொஞ்சம் பிசகினாலும் ஓடிவிடும், 480 மெகாபிட்டில் மன்னிப்பு கிடையாது. நிலைமின் பாதுகாப்பு டையோடை முனைக்கு ஒட்டியே வையுங்கள், டேட்டாக் கோட்டில் வைப்பது குறைந்த மின்தேக்கம் கொண்டதாக இருக்கட்டும்.

மின்வழியில் 10 மைக்ரோஃபாரடுக்கு மேல் கெப்பாசிட்டர் போடாதீர்கள். செருகிய கணத்தில் அது இழுக்கும் கரண்டைப் பார்த்துச் சில போன்கள் முனையையே மூடிவிடும். கூடுதலாகத் தேவைப்பட்டால் மெல்லத் திறக்கும் சுவிட்ச் வழியாகக் கொடுங்கள். கருவி தன்னைப் பற்றிப் போனிடம் சொல்லும் குறிப்பான டிஸ்கிரிப்டரில் அதிகபட்சக் கரண்டைச் சொல்லும் இடம் 2 மில்லிஆம்பியர் அலகில் எழுதப்படுவது. 100 மில்லிஆம்பியர் வேண்டுமென்றால் அங்கே 50 என்று எழுத வேண்டும். தேவைக்கு மேல் அறிவிக்கும் கருவியைப் போன் நிராகரிக்கலாம், ஆகவே அளந்து பார்த்த உண்மையான அளவையே சொல்லுங்கள்.

ஆண் முனையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறைக்கு விதிநூல் சொல்லும் உச்ச அளவு 12.35க்கு 6.5 மில்லிமீட்டர். இதற்கு மேல் போனால் போன் கவரில் முட்டும், முழுதாகச் செருகாது.

6. ஆண்ட்ராய்டு ஆப்

கருவி செருகியதும் உங்கள் ஆப் திறக்க, ஆப்புக்குள் ஒரு வடிகட்டிக் கோப்பில் விஐடி, பிஐடியை எழுத வேண்டும். விஐடிகளைப் பதினாறடிமானத்தில் சொல்வதுதான் வழக்கம், அந்தக் கோப்பு எதிர்பார்ப்பது பத்தடிமானம். பதினாறடிமான 1209 என்பது அங்கே 4617. இந்த வடிகட்டி வழியாக ஆப்பைத் திறக்கும்போது பயனர் ஒப்புக்கொண்டால் அனுமதியும் சேர்ந்தே வந்துவிடும். ஆப்புக்குள்ளிருந்து நீங்களாக அனுமதி கேட்டால், கழற்றி மறுபடி செருகும்போது திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.

அனுமதி கேட்கும் நிரல் பழைய எடுத்துக்காட்டுகளில் இருப்பதுபோல் இன்று ஓடாது. ஆண்ட்ராய்டு 12 முதல், விடை திரும்பி வர ஆண்ட்ராய்டிடம் கொடுத்துவைக்கும் பெண்டிங் இன்டென்ட் மாற்றத்தக்கதா இல்லையா என்று குறிப்பிட வேண்டும். யூஎஸ்பி அனுமதிக்கு மாற்றத்தக்கது என்றே குறிப்பிடுங்கள், பயனரின் விடையை ஆண்ட்ராய்டு அதில்தான் எழுதித் தருகிறது. 14-ஐ இலக்காகக் கொண்ட ஆப்பில் அந்த இன்டென்ட்டுக்கு உங்கள் ஆப்பின் பேக்கேஜ் பெயரையும் கொடுக்காவிட்டால் ஆப் நின்றுவிடும். கேமரா வகுப்புக் கருவி என்றால் யூஎஸ்பி அனுமதியோடு கேமரா அனுமதியும் வாங்க வேண்டும்.

தரவு சில நேரம் மட்டும் தொங்குகிறதா? 12 மெகாபிட் வேகத்தில் ஒரு பொட்டலம் 64 பைட். நீங்கள் அனுப்பும் செய்தி சரியாக 64-இன் மடங்காக அமைந்தால், இன்னும் வரும் என்று போன் காத்திருக்கும். அப்போது கருவி ஒரு வெற்றுப் பொட்டலம் அனுப்பி முடிவைத் தெரிவிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 9-க்கு முந்தைய போன்களில் ஒரே அழைப்பில் 16,384 பைட்டுக்கு மேல் போகாது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

7. சோதனை

போனின் ஒரே முனையில் கருவி செருகியிருக்கும், ஆப்பைச் சோதிக்கக் கேபிளுக்கு இடம் இருக்காது. ஆண்ட்ராய்டு 11 முதல் வைஃபை வழியாகவே டீபக் செய்யலாம், முதல் நாளே அமைத்துவிடுங்கள். டிஸ்கிரிப்டர் கோளாறுகளைக் கணினியில் வயர்ஷார்க் என்ற, தரவுப் போக்கைக் காட்டும் மென்பொருளை வைத்துப் பார்ப்பது எளிது. போனும் கருவியும் பேசும்போது இடையில் ஒரு யூஎஸ்பி மின்னளவி செருகினால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

சில ஆண்ட்ராய்டு போன்களில், போனை ஹோஸ்டாக்கும் ஓடிஜி என்ற சுவிட்ச் அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும், கொஞ்ச நேரம் பயன்படுத்தாவிட்டால் தானாக அணைந்தும் விடும். ஐபோன் பூட்டப்பட்டு ஒரு மணி நேரம் கடந்துவிட்டால், பூட்டைத் திறக்கும்வரை புதிதாகச் செருகும் கருவியுடன் பேசாது. இந்த இரண்டையும் பயனர் கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், உங்களுக்கு வரும் புகார்களில் கணிசமானவை அதோடு நிற்கும். பேட்டரி குறைவான போன், கவர் போட்ட போன், தலைகீழாகச் செருகிய முனை என எல்லாவற்றிலும் பாருங்கள்.

8. விற்பனைக்கான ஆவணங்கள்

சொந்தப் பயன்பாட்டோடு நிறுத்துகிறீர்கள் என்றால் இந்தப் பகுதி தேவையில்லை. விற்பதென்றால், விற்கும் நாட்டின் மின்காந்த விதிகளுக்கு உட்பட வேண்டும். அமெரிக்காவில் எஃப்சிசி என்ற தகவல்தொடர்பு ஆணையத்தின் விதிகளில் பகுதி 15, அதில் வீட்டுப் பயன்பாட்டுக்கு வகுப்பு பி. தயாரிப்பாளரே இணக்கம் அறிவிக்கலாம், ஆனால் பொறுப்பேற்பவருக்கு அமெரிக்க முகவரி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணக்கத்தைக் காட்டும் சிஇ குறிக்காக மின்காந்த இணக்க ஆணை 2014/30, அபாயப் பொருள்கள் பற்றிய ஆணை 2011/65. 5 வோல்ட்டில் ஓடும் கருவிக்குத் தாழ்மின்னழுத்த ஆணை பொருந்தாது. தொழில்நுட்பக் கோப்பை 10 ஆண்டு பாதுகாக்க வேண்டும், நுகர்வோர் பொருள் என்றால் ஒன்றியத்துக்குள் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும்.

அந்தக் கோப்பில் சுற்றுப்படம், பாகப் பட்டியல், சோதனை அறிக்கைகள், அபாய மதிப்பீடு, கையேடு, லேபிள் வடிவம், இணக்க அறிவிப்பு ஆகியவை இருக்கும். கடைசியில் தேடிச் சேர்ப்பதைவிட முதல் போர்டிலிருந்தே ஒரு கோப்புறையில் போட்டு வாருங்கள். பாகம் வாங்கும்போதே அதன் அபாயப் பொருள் இணக்கத் தாளையும் வாங்கி வையுங்கள். பின்னால் கேட்டால் பல விற்பனையாளர்கள் பதிலே போடமாட்டார்கள்.

புளூடூத், வைஃபை சேர்த்தால் ரேடியோ விதிகளும் சேர்ந்து வரும், செலவு பல மடங்காகும். கட்டாயம் வேண்டுமென்றால் ஏற்கெனவே சான்று பெற்ற மாட்யூலை மட்டும் வையுங்கள். லித்தியம் பேட்டரி வைத்தால் அனுப்புவதற்கே யூஎன் 38.3 என்ற பாதுகாப்புச் சோதனையின் அறிக்கை கேட்பார்கள். பேட்டரி வேண்டாத முதல் வகையை, அதாவது போனே ஹோஸ்டாகவும் கரண்ட் கொடுப்பதாகவும் இருப்பதை, நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

9. எதை எப்போது தொடங்குவது

பிஐடி விண்ணப்பம் முதல் வாரமே போகட்டும். எம்எஃப்ஐ தேவைப்பட்டால் அதுவும் அப்போதே. சோதனைப் போர்டு செய்து வருவதற்கு ஒவ்வொரு முறையும் சில வாரம் ஆகும், குறைந்தது மூன்று பதிப்புகளுக்குக் காலம் ஒதுக்குங்கள். இரண்டாம் பதிப்பு கைக்கு வந்ததும் சோதனைக்கூடத்தில் தேதி கேளுங்கள், வரிசை நீளமாக இருக்கும். முழுச் சோதனைக்கு முன் சில மணி நேர முன்சோதனைக்கு இடம் கொடுப்பார்களா என்றும் விசாரியுங்கள். அதற்குக் கொடுக்கும் காசு, முழுச் சோதனையில் தோற்று மறுபடி கட்டும் காசைவிடக் குறைவு.

கூடத்துக்குப் போகும்போது இரண்டு மூன்று கருவிகள், செருகிக் காட்டப் போன், விற்பனையில் தரப்போகும் அதே கேபிள், நிற்காமல் தரவு அனுப்பிக்கொண்டே இருக்கும் ஒரு சோதனை ஃபர்ம்வேர் எல்லாம் கையில் இருக்கட்டும். ஆப்பிள் ஆப் ஸ்டோர் பரிசீலனைக்கு அனுப்பும்போது கருவி ஓடுவதைக் காட்டும் காணொளி கேட்பார்கள், அதையும் இந்தச் சமயத்திலேயே எடுத்துவிடலாம்.

பெட்டி, கேபிள், போர்டு மூன்றும் இறுதியாகும்வரை முழுச் சோதனைக்குக் காசு கட்டாதீர்கள். சோதித்தபின் கேபிளை மாற்றினாலும் அறிக்கை அந்தக் கருவிக்கு உரியதாக இராது, திரும்பவும் சோதிக்கச் சொல்வார்கள்.